சுவாமி மலையில் ஒரு பெயர்



திருக்கோணமலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க விரும்பும் இடம் சுவாமி மலை. கோட்டை வாசலால் நுழைந்து, புள்ளிமான்கள் மேயும் மரநிழலைக் கடந்து மேலே ஏறினால், கடலுக்குள் நீண்டு நிற்கும் செங்குத்தான பாறையின் உச்சியை அடையலாம். கோணேசப் பெருமானின் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. இராவணன் வெட்டு என்று நம்மவர் சொல்லும் பெரும் பிளவும் அங்கேதான். சம்பந்தப் பெருமான் பதிகம் பாடிய தலம் என்ற பெருமையோடு அந்த மலைக்கு வேறொரு கதையும் உண்டு. கோயிலைக் காட்டும் வழிகாட்டி, சற்றுத் தள்ளி நின்று, குரலைத் தாழ்த்திச் சொல்லும் கதை அது.

ஒல்லாந்தர் காலத்திலே ஒரு பெண் இருந்தாளாம். பெயர் பிரான்சினா வான் ரீட. உயர்குடிப் பிறப்பு. கோட்டையில் இருந்த ஓர் இளம் படை அதிகாரியை அவள் காதலித்தாள். அவனுடைய சேவைக்காலம் முடிந்தது. அவளை மறந்து, அவன் தாய்நாட்டுக்குக் கப்பலேறினான். காற்றுக்கேற்பத் திரும்பித் திரும்பிச் சென்ற கப்பல் மலையடிவாரத்தை நெருங்கி வந்தபோது, உச்சியில் நின்ற பிரான்சினா அவன் கண்முன்னே கடலில் பாய்ந்து உயிரை விட்டாள். மகளை இழந்த தந்தை அந்த இடத்தில் அவள் பெயர் பொறித்து ஒரு தூணை நாட்டினார். இதுதான் கதை. ஆங்கிலேயர் அந்த இடத்துக்குக் காதலர் பாய்ச்சல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட இலங்கை பற்றிய தமது பெருநூலில் இந்தக் கதையை எழுதிவைத்தார். அதன்பின் பயணக் கைநூல்களிலும் அஞ்சல் அட்டைகளிலும் இது இடம்பிடித்தது. ஆங்கிலம் அறியாதவர் வாயிலும் கதை புகுந்தது. இன்று அது திருக்கோணமலையின் சொத்தாகிவிட்டது.

கதை உருக்கமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் நேயர்களே, அந்தத் தூணில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் வியப்பு மேலிடுகிறது.

எழுத்துகள் ஒல்லாந்த மொழியில் உள்ளன. பிரான்சினா வான் ரீடவின் பெயர் இருக்கிறது. மெய்ட்ரெக்ட் என்ற ஊரின் சீமாட்டி என்று அவளைக் குறிக்கும் பட்டம் இருக்கிறது. 1687ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் இந்தத் தூண் நினைவாக நாட்டப்பட்டது என்ற செய்தி இருக்கிறது. அவ்வளவுதான். இறந்தாள் என்ற சொல் இல்லை. இங்கே துயில்கிறாள் என்ற வழக்கமான கல்லறை வாசகம் இல்லை. காதலனும் இல்லை, கப்பலும் இல்லை. நினைவாக என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு, நினைவுக்கல் என்றால் சாவுக்கல்தான் என்று பின்வந்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். உயிரோடு இருப்பவர் ஓரிடத்தோடு கொண்ட தொடர்பையும் ஒரு கல்லில் நினைவாகப் பொறிக்கலாம் அல்லவா?

அப்படியானால் யார் இந்தப் பிரான்சினா? அவளை அறிய வேண்டுமானால் முதலில் அவளுடைய தந்தையை அறிய வேண்டும்.

ஹெண்ட்ரிக் ஏட்ரியான் வான் ரீட 1636இல் பிறந்தவர். இருபது வயதளவில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியில் சேர்ந்து கீழைத்தேயம் வந்தார். 1663இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய போரிலே பங்குகொண்டார். 1670 முதல் 1677 வரை மலையாளக் கரையின் தளபதியாக இருந்தார். வாளேந்திய இந்த மனிதர்தான் ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ் என்ற மூலிகைப் பெருநூலையும் உருவாக்கியவர். மலபாரின் தோட்டம் என்பது அதன் பொருள். 1678 தொடங்கி 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக அம்ஸ்ரர்டாமில் அச்சாகி வெளிவந்தது. எழுநூறுக்கும் அதிகமான செடி, கொடி, மரங்களின் விபரங்கள் படங்களோடு அதில் உள்ளன. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி அந்தணர்களும் அந்த நூலுக்கு அறிவு வழங்கினார்கள். அவர்களுடைய சான்றுரைகள் முதற் பாகத்திலேயே அச்சிடப்பட்டுள்ளன. உள்ளூர் வைத்தியரின் பெயரை நூலின் முகப்பிலேயே மதித்து வைத்த ஐரோப்பியர் அக்காலத்தில் அரியவர்.

வான் ரீட மணம் செய்துகொள்ளவில்லை. பிரான்சினா அவருடைய வளர்ப்பு மகள். நெதர்லாந்தின் உத்ரெக்ட் மாகாணத்திலுள்ள மெய்ட்ரெக்ட்டின் பிரபுத்துவம் அவருக்கு இருந்ததால்தான் தூணிலே மகளுக்கும் அந்தப் பட்டம் சேர்ந்தது.

1684இல் கம்பனி வான் ரீடவை ஆணையாளர் நாயகமாக நியமித்தது. ஆபிரிக்க நன்னம்பிக்கை முனை, இலங்கை, வங்காளம், சோழமண்டலக் கரை, மலையாளக் கரை என்று கம்பனிக்கு உரிய மேற்குப் பகுதிகள் அனைத்தையும் சோதிப்பது, ஊழலை ஒழிப்பது, கணக்குகளைச் சீர்செய்வது அவருடைய பணி. சொந்த அதிகாரிகளே அஞ்சி நடுங்கிய பதவி அது. தூணில் உள்ள 1687ஆம் ஆண்டு இந்தச் சோதனைப் பயணத்தின் நடுவே வருகிறது.

அந்நாளைய திருக்கோணமலையை மனக்கண்ணிலே கொண்டுவந்து பாருங்கள். இன்று உலகம் புகழும் இயற்கைத் துறைமுகம் அன்று ஒரு சிற்றூரின் முற்றம். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1639இல் கண்டி மன்னனின் துணையோடு பிடித்தனர். பின்பு கைவிட்டனர். 1665இல் மீண்டும் வந்து அமர்ந்தனர். 1672இல் பிரெஞ்சுக் கடற்படை வந்து துறைமுகத்தில் காலூன்றப் பார்த்துத் தோற்றது. காவற்படை, களஞ்சியம், காய்ச்சல், கடல் இவைதான் அன்றைய கோட்டை வாழ்வு. எதிர்க்கரையில் இருக்கும் கொட்டியாரத்தில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து, தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். தூண் நாட்டப்படுவதற்கு ஆறே ஆண்டுகளுக்கு முன்பு! பிடிபட்ட ஆண்மகன் தன் கதையைத் தானே எழுதினான். அதே குடாவின் மறுகரையில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது ஒரு தூணும் அதில் சில சொற்களும்தான்.

கம்பனியின் உலகில் ஐரோப்பியப் பெண்கள் மிகச் சிலர். ஒல்லாந்துச் சிப்பாய்களும் எழுதுவினைஞர்களும் இந்நாட்டுப் பெண்களையும், போர்த்துக்கேயக் கலப்பில் பிறந்த பெண்களையும் மணந்து குடும்பம் நடத்தினார்கள். அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்களை நாம் இன்றும் பறங்கியர் என்று அழைக்கிறோம். யார் யாரை மணக்கலாம் என்று கட்டளை இட்டவர்கள் வான் ரீட போன்ற அதிகாரிகளே. 1685இல் நன்னம்பிக்கை முனையில் தங்கியபோது, ஐரோப்பியர் முழு அடிமைக் குலத்துப் பெண்களை மணப்பதை அவர் தடுத்தார். கலப்பில் பிறந்த பெண்களை மணக்க இடம் கொடுத்தார். ஒரு பேனாவின் கீறலில் எத்தனையோ பெண்களின் வாழ்வு திசை மாறியது. அவர்களில் எவருக்கும் தூண் இல்லை. மலையுச்சியில் பெயர் கிடைத்தவள் கட்டளையிட்டவரின் வீட்டுப் பெண். இதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

சரி, பிரான்சினாவுக்கு என்ன நடந்தது?

தூண் நாட்டப்பட்டு நாலரை ஆண்டுகளின் பின், 1691 டிசம்பர் 15ஆம் நாள், சூரத்துக்குப் போகும் வழியில் பம்பாய்க்கு அப்பாலுள்ள கடலில், கப்பலிலேயே வான் ரீட காலமானார். சூரத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். மாடமும் தூண்களுமாகப் பெரிய மாளிகை போல எழுந்த அவருடைய கல்லறை அந்நகரத்து ஒல்லாந்தர் மயானத்தில் இன்றும் காணத்தக்கது. அந்த இறுதிப் பயணத்தில் அவரோடு இருந்தவள் பிரான்சினா. ஆம், நேயர்களே, 1687இல் சுவாமி மலையிலிருந்து விழுந்து இறந்ததாக ஊர் சொல்லும் அதே பிரான்சினா! தந்தையின் வாரிசாக அவள் ஐரோப்பா திரும்பினாள். 1690களில் அங்கே திருமணமும் செய்துகொண்டாள். பிற்காலத்தில் ஒல்லாந்த ஆவணங்களைப் புரட்டியவர்கள் இந்தத் திருமணத்தைக் கண்டதும் காதலர் பாய்ச்சல் கதை சரிந்தது.

பாறையிலிருந்து யாரும் பாயவில்லை. பெருங்கடல்களைக் கப்பலிலே கடந்த ஒரு பெண், தந்தையைப் பறிகொடுத்து, அவரை அந்நிய மண்ணிலே அடக்கம் செய்து, திரும்பவும் கடல் தாண்டி ஊர் போய்ச் சேர்ந்து வாழ்க்கையைத் தொடங்கினாள். ஆபிரிக்காவைச் சுற்றி மாதக் கணக்கில் செல்லும் பாய்க்கப்பல் பயணம் அது. கப்பலில் ஏறியவர் எல்லாரும் கரை காண்பதில்லை. மலையிலிருந்து குதிப்பதற்கு ஒரு கணத் துணிவு போதும். இந்தப் பயணத்துக்கு எத்தனை மாதத் துணிவு வேண்டும்! ஆனால் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது நடக்காத அந்த ஒரு கணத்தைத்தான்.

இது திருக்கோணமலைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கிரேக்கத்தின் பெரும் கவிஞை சாப்போவை எடுத்துக்கொள்ளுங்கள். அலெக்சாந்திரியாவின் அறிஞர்கள் ஒன்பது சுவடிகளாகத் தொகுத்த அவளுடைய பாடல்களில் பெரும்பகுதி அழிந்துபோனது. ஆனால் பாவோன் என்ற படகோட்டியின் மேல் கொண்ட காதலால் அவள் லூக்காஸ் தீவின் பாறையிலிருந்து கடலில் பாய்ந்தாள் என்ற கட்டுக்கதை இரண்டாயிரம் ஆண்டுகளாக அழியவில்லை. அமெரிக்காவிலே மிசிசிப்பி ஆற்றோரம் ஏமாந்த பெண்கள் பாய்ந்த பாறை என்று ஐம்பது பாறைகள் உண்டென்று மார்க் ட்வைன் 1883இல் வெளிவந்த தம் நூலிலே கேலி செய்தார். உயரமான பாறையும் கீழே நீரும் இருந்தால் போதும், அதிலிருந்து ஒரு பெண்ணைத் தள்ளிவிடாமல் மனிதனின் கற்பனை ஓய்வதில்லை போலும்.

நம்முடைய கோணேசர் மலைக்கு வேறொரு பெண்ணின் கதையும் உண்டு. அதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஆடகசவுந்தரி என்ற அரசியின் கதையைக் கிழக்கிலங்கையின் பழைய ஏடுகள் சொல்கின்றன. குழந்தையாகப் பெட்டியில் வைத்துக் கடலில் விடப்பட்டு, இலங்கைக் கரையில் ஒதுங்கி, அரசியாக வளர்ந்தவள் அவள். கோணேசர் கோயில் திருப்பணி செய்த குளக்கோட்டனை எதிர்த்து முதலில் படை அனுப்பினாள். பின்பு அவனையே மணந்தாள். இதுவும் கதைதான். ஆனால் எப்படிப்பட்ட கதை என்று பாருங்கள். கடல் கொண்டுவந்து சேர்த்த பெண்ணுக்கு நமது மரபு ஓர் அரியணை கொடுத்தது. கோபிக்கவும், தடுக்கவும், பின்பு மனம் மாறவும் உரிமை கொடுத்தது. பிரான்சினாவும் கடல்வழியே வந்தவள்தான். அவளுக்குப் பிற்காலத்தவர் கொடுத்தது ஒரு செங்குத்துப் பாறையை மட்டுமே.

இலக்கிய நேயர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சார்ல்ஸ் ஒஸ்ரின் கடற்படைத் தளபதி. 1852இல் பர்மாவின் ஐராவதி ஆற்றிலே, கப்பலில் காலமான அவருடைய உடல் திருக்கோணமலையில்தான் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய தமக்கை எழுதி, அவள் மறைந்த பின் 1817ஆம் ஆண்டு முடிவில் வெளிவந்த பெர்சுவேஷன் என்ற நாவலின் நாயகி ஆன் எலியட், ஒரு கடற்படை வீரனைக் காதலித்துப் பிரிந்தவள். அவள் எந்தப் பாறையிலும் ஏறவில்லை. எட்டு ஆண்டுகள் கடந்தபின் அவனையே மணக்கிறாள். பிரான்சினாவின் திருமணமும் தூண் நாட்டி ஏழெட்டு ஆண்டுகளின் பின்தான் நடந்தது. மாலுமியைப் பிரிந்த பெண் சாகத்தான் வேண்டும் என்று கதைகள் அடம்பிடித்த காலத்தில், வாழவும் முடியும் என்று எழுதியவளின் தம்பி இந்த ஊர் மண்ணிலேயே துயில்கிறார்.

இனி அந்தக் கல்லுக்கு வருவோம். பெயரைப் படித்தோம், கல்லைப் பார்க்கவில்லையே!

பிரான்சினாவின் பெயர் தாங்கிய தூண் ஒல்லாந்தர் செதுக்கியது அன்று. இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் தூண்களில் ஒன்று அது என்றே டெனன்ட் காலம் முதல் கூறப்பட்டு வருகிறது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1620களில் இந்த மலையின் கோயில்களை இடித்துத் தள்ளி, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார். குளக்கோட்டனின் திருப்பணியையும் பறங்கியர் அதைக் குலைப்பதையும் பற்றிப் பேசும் தமிழ்க் கல்வெட்டின் துண்டம், இரட்டைக் கயல் பொறித்த கல்லோடு, கோட்டை வாயிற் சுவரிலேயே பதிந்திருக்கிறது. எஞ்சிக் கிடந்த தூண்களில் ஒன்றை நிமிர்த்தி, ஒல்லாந்தர் தங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரை வெட்டினார்கள்.

ஆக அந்த ஒரு கல்லிலே இரண்டு நினைவுகள் இருந்தன. மேலே வெட்டிய நினைவு ஒரு பெண்ணுடையது. கல்லுக்குள்ளே இருந்த நினைவு ஒரு கோயிலுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மலையேறிய ஆங்கிலேயர் மேலே இருந்த எழுத்தைப் பார்த்துக் காதலைக் கற்பித்துக்கொண்டார்கள். அதே காலத்தில், அதே பாறையின் விளிம்பில், கோயில் இல்லாத வெற்றிடத்தில் நின்று, நம் முன்னோர் கடலைப் பார்த்துத் தீபம் காட்டிப் பூவும் பழமும் சொரிந்து வழிபட்டார்கள். கல்லில் எழுதாத நினைவை அவர்கள் கைகளால் காத்தார்கள். அந்த நினைவு வீண்போகவில்லை. 1950இல் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் முதலான திருவுருவங்கள் வெளிவந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிக் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். 1963இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது.

கோயிலைப் பற்றிய பழைய நினைவு உண்மையென்று மண்ணும் கடலும் சாட்சி சொல்லின. பிரான்சினாவைப் பற்றிய நினைவு பொய்யென்று ஏடுகள் சாட்சி சொல்லின. இரண்டு சாட்சிகளையும் ஒரே மனத்தோடு ஏற்றுக்கொள்வதே வரலாற்றை விரும்புகிறவர்களுக்கு அழகு. நம்முடைய இழப்புக்குச் சான்று கேட்கும் நாம், பிறர் வீட்டுப் பெண்ணின் வாழ்வுக்கும் சான்று கேட்க வேண்டாமா? அவள் நம்மை ஆண்டவர்களின் மகள் என்பதால் அவளைப் பற்றிய பொய் மெய்யாகிவிடாது. அவளுடைய பெயரைத் தாங்கியது நம் கோயிற் தூண் என்பதால், அந்தப் பெயருக்கு உரிய நியாயத்தைச் செய்யும் கடமை நமக்குச் சற்று அதிகமாகவே உண்டு என்று சொல்லத் தோன்றுகிறது.

காதலர் பாய்ச்சல் கதையைச் சொல்லவே கூடாது என்பதல்ல. கதையைக் கதையென்று சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தப் பெண் பாயவில்லை, கப்பலேறினாள், தந்தையை அடக்கம் செய்தாள், ஊர்போய்ச் சேர்ந்தாள், மணம் புரிந்து வாழ்ந்தாள். கேட்கும் பிள்ளை ஏமாற்றத்தோடு, அவ்வளவுதானா என்று கேட்கலாம். அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரியது என்பதைப் பிள்ளை வளர்ந்ததும் தானே அறிந்துகொள்ளும்.